வலித்தால் இடது கையைத் தூக்குங்கள்

சேலையூரில் முப்பத்து நான்கு வருஷம் பல் மருத்துவம் பார்த்தேன். அடைத்தேன், கட்டினேன், வேர் சிகிச்சை செய்தேன் என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டாலும் ஊரில் எனக்குப் பெயர் ‘பல்லு புடுங்குற டாக்டர்’தான். இரண்டு வருஷம் முன்பு கிளினிக்கை ஓர் இளம் டாக்டர் தம்பதியிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வெடுக்க ஆரம்பித்தேன். போன வாரம் அவர்கள் கூப்பிட்டு, “சார், புதுசா ரெண்டு பேர் சேர்ந்திருக்காங்க. பல் வெள்ளை பண்றப்ப கூச்சம் வந்தா எப்படிச் சமாளிக்கிறதுன்னு உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க” என்றார்கள். பெருமையோடு பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகுதான், இந்த விஷயத்தில் நான் சமாளித்த கூச்சத்தைவிட நானே உண்டாக்கிய கூச்சம் அதிகம் என்பது ஞாபகத்துக்கு வந்தது.

ஆகவே புதிய டாக்டர்களே, எந்த ஜெல்லை எத்தனை நிமிஷம் வைப்பது என்று என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். அது டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது, என்னைவிட நல்ல தமிழில். நான் ஒரு சனிக்கிழமை மத்தியானத்தையும் அதற்கு அடுத்த காலையையும் பற்றி எழுதுகிறேன். அப்போது எனக்கு அனுபவம் போதாது என்று சாக்குச் சொல்ல வழியில்லை. அது என் முப்பத்து மூன்றாவது வருஷம்.

முதலில் என் உதவியாளரைப் பற்றி. பெயரைப் போட்டால் வீட்டுக்கு வந்து சண்டை போடுவேன் என்று சொல்லியிருக்கிறார். என்னைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் ‘அக்கா’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்கா ஆகிவிட்டார். நான் கல்லூரியில் ஐந்து வருஷம் படித்ததை அவர் என் பக்கத்தில் நின்றே படித்துவிட்டார். நான் தப்புச் செய்யப் போகும்போது அவருக்கு இருமல் வரும். நோயாளி முன்னால் டாக்டரைத் திருத்தக்கூடாது என்று அவராகவே ஏற்படுத்திக்கொண்ட வழி அது. ஒரு இருமல் என்றால் யோசியுங்கள் என்று பொருள். இரண்டு என்றால் நிறுத்துங்கள். மூன்று இருமலை நான் அதுவரை கேட்டதில்லை.

அந்த வருஷம் பல்லை வெளுக்கும் விளக்கு ஒன்று வாங்கியிருந்தேன். நீல வெளிச்சம் அடிக்கும். ‘ஒரே மணி நேரத்தில் பளிச் புன்னகை’ என்று வாசலில் பேனர் கட்டினேன். பேனரில் சிரிக்கும் பெண் யாரென்று எனக்கே தெரியாது, அச்சகத்துக்காரர் எங்கிருந்தோ எடுத்துப் போட்டது. பக்கத்தில் என் படமும் இருந்தது, வாயை இறுக்க மூடிக்கொண்டு. என் பல்லின் நிறம் அப்படி. பேனர் கட்டி மூன்று வாரமாகியும் அந்த விளக்கின் அடியில் ஒருவரும் வந்து படுக்கவில்லை. தினமும் காலையில் அதன் மேல் போட்டிருந்த துணியை எடுத்து, துடைத்து, திரும்பப் போர்த்திவிட்டு வருவேன். அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார்.

இந்த நிலையில்தான் கஸ்தூரி வந்தாள். பள்ளிக்கரணையில் குடியிருப்பவள். கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்வது தொழில். என் மகள் வயதுதான், அதனால் அவள் என்றே எழுதுகிறேன்.

“டாக்டர், நாளைக்குக் காலைல மாடம்பாக்கத்துல ஒரு மேரேஜ். இத்தனை நாளா இன்னொருத்தங்க பார்லர்ல வேலை செஞ்சேன். என் பேர்ல நான் எடுத்திருக்கிற முதல் கல்யாணம் இதுதான்” என்றாள். வாடிக்கையாளர்களிடம் பேசிப் பழகிய, அளந்து பேசும் தமிழ். “போன வாரம் ட்ரையலுக்குப் போனப்ப பொண்ணோட அத்தை என் பல்லையே பார்த்துட்டு இருந்தாங்க. ‘அடுத்தவங்களை அழகு பண்றவ மொதல்ல தன்னைப் பார்த்துக்க வேணாமா’ன்னாங்க. எல்லாரும் சிரிச்சாங்க டாக்டர். நானும் சிரிச்சேன். அப்புறம் வாயைத் தொறக்கவே இல்ல.”

“நாளைக்கேவா வேணும்?” என்று கேட்டேன். அந்த ஒரு கேள்வியை மட்டும் சரியாகக் கேட்டேன் என்பதை எனக்குச் சாதகமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

“நாளைக்குத்தான் டாக்டர். பொண்ணோட ஃப்ரெண்ட்ஸ் நாலு பேருக்கு தை மாசத்துல கல்யாணம். நாலு பேரும் நாளைக்கு வர்றாங்க, வேலையைப் பார்த்துட்டு முடிவு பண்ணுவாங்க. நல்லபடியா போச்சுன்னா நான் தனியா நின்னுடுவேன். இல்லேன்னா திரும்பப் பழைய பார்லர்லதான் போய் நிக்கணும். அங்க என் இடத்துக்கு ஆள் கூட எடுத்துட்டாங்க.”

அக்கா ஒரு முறை இருமினார்.

இந்த இடத்தில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். நானும் மற்றவர்களுக்கு வகுப்பெடுக்கும்போது அதைத்தான் சொல்வேன். வெளுத்த பல் முதல் ஒரு நாள் எதற்கும் சீறும். விசேஷம் என்றால் வாரக்கணக்கில் முன்னதாக வரவேண்டும். அதற்கும் முன்பே இரண்டு வாரம் கூச்சத்துக்கான பேஸ்ட்டால் தேய்க்க வேண்டும். “இன்னைக்கு டீக்கறையை மட்டும் சுத்தமா எடுத்து விடறேம்மா, நாளைக்கு அதுவே பளிச்சுனு இருக்கும், மத்ததைப் பொறுமையா பண்ணலாம்” என்று சொல்லி அனுப்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் துணி போர்த்திய விளக்கு மூலையில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அதுக்கென்ன, ஒரு மணி நேர வேலைதானே” என்றேன்.

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். மேல் வரிசை முன்பல்லின் நுனியில் ஒரு சின்னப் பள்ளம். அதற்கு நேர் எதிரே கீழ்ப்பல்லிலும் ஒன்று. அளவெடுத்து அராவியதுபோல அவ்வளவு கச்சிதம். முப்பத்து மூன்று வருஷ அனுபவம் அந்தப் பள்ளத்தைப் பார்த்து என்ன யோசித்தது தெரியுமா? ‘இதையும் அடைத்துவிட்டால் பேனரில் இந்தப் பெண்ணின் படத்தையே போடலாம்.’ அது எப்படி வந்தது என்று கேட்கத் தோன்றவில்லை. பல்லுக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அரை நிமிஷம் ஆகும். அந்த அரை நிமிஷத்தை நான் விளக்கின் துணியை எடுப்பதில் செலவழித்தேன்.

பிறகு நாம் எல்லோரும் செய்யும் சடங்கு. உதட்டை அகட்டிப் பிடிக்கும் பிளாஸ்டிக்கை மாட்டினால் அவர்களால் பேச முடியாது. அதனால், “வலிச்சா இடது கையைத் தூக்கும்மா, உடனே நிறுத்திடறேன்” என்றேன். இதை நான் ஆயிரக்கணக்கான முறை சொல்லியிருப்பேன். பஸ்ஸில் ‘உள்ள போங்க உள்ள போங்க’ என்று சொல்கிறவரைப் போல, யார் கேட்கிறார்கள் என்று பார்க்காமலே சொல்லும் பழக்கம் வந்துவிட்டது.

ஜெல் பூசி விளக்கடித்து முதல் சுற்று போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது சுற்றின் நடுவில் கஸ்தூரியின் இடது கை மேலே எழுந்தது. விரல்கள் விறைத்திருந்தன. அக்கா இருமினார். மறுபடி இருமினார். மூன்றாவதாகவும் ஒரு இருமல் கேட்டது.

“அது வேலை செய்யுதுன்னு அர்த்தம்மா. இன்னும் அஞ்சே நிமிஷம்” என்றேன். சொன்னதோடு விடவில்லை. தூக்கியிருந்த அந்தக் கையைப் பிடித்து, மெதுவாக, தட்டிக் கொடுத்தபடி, அவள் வயிற்றின் மேல் இறக்கி வைத்தேன். ஆறுதல் சொல்கிறேன் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

முடிந்ததும் கண்ணாடியைக் கொடுத்தேன். பல் உண்மையிலேயே நன்றாக வெளுத்திருந்தது. கஸ்தூரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நான் படம் பிடித்துக்கொண்டேன். “ஜில்லுனு எதுவும் சாப்பிடாத. கொஞ்சம் கூசும். ஒண்ணும் ஆகாது” என்று அனுப்பி வைத்தேன். அக்கா அன்று சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறேகாலுக்கு அக்காவிடமிருந்து போன். பின்னால் சர்ச் மணி கேட்டது.

“சார், கஸ்தூரி கிளினிக் நம்பருக்கு அடிச்சுது. அழுவுது. கூச்சம் தாங்கலையாம். பொண்ணுக்கு இன்னும் தலையே பின்னலையாம். நான் சர்ச் வாசல்ல நிக்கறேன். நீங்க வர்றீங்களா, இல்ல நானே போவட்டுமா?”

“நீங்க போய் என்ன பண்ணுவீங்க அக்கா?”

“நீங்க பண்ணதைவிடக் கம்மியாதான் பண்ணுவேன்” என்றார்.

அக்காவை சர்ச் வாசலில் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, வழியில் கிளினிக்கைத் திறந்து கைக்குக் கிடைத்ததைப் பையில் போட்டுக்கொண்டு, ஏழு மணிக்கு மாடம்பாக்கம் மண்டபத்தில் இருந்தோம். ஒன்பது மணிக்கு முகூர்த்தம். மணப்பெண் அறையை ஒட்டிய சின்ன நடையில் கஸ்தூரி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். நேற்றைய அளந்து பேசும் தமிழ் போன இடம் தெரியவில்லை.

“இன்னா சார் பண்ணி வெச்சீங்க? மூச்சு உள்ள இழுத்தா உயிர் போவுது சார். சுரீர் சுரீர்னு கீது. உள்ள ஏசி வேற. பின்னை வாயாண்ட எடுத்துகினு போனாலே கண்ல தண்ணி வருது.”

“பின்னை எதுக்கும்மா வாய்கிட்டே கொண்டுபோற?”

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். படித்த மனிதர் இப்படிக் கேட்கிறாரே என்ற பார்வை.

“ஒரு கைல முடி, ஒரு கைல சீப்பு. ஹேர்பின்னை வேற எதால சார் தொறப்பாங்க? பல்லுல கடிச்சுதான் பிரிப்போம். ஒரு பொண்ணு தலைக்கு அறுவது எழுவது பின்னு. பூ நாரையும் கடிச்சுதான் அறுப்பேன். எங்கப்பா வலை சரி பண்றப்ப நூலை அப்பிடித்தான் அறுப்பாரு. எங்கம்மா மீன் பையோட முடிச்சைப் பல்லாலதான் அவுக்கும். எங்க வூட்ல எல்லாருக்கும் பல்லுதான் மூணாவது கை சார். அதனாலதான் நான் அசிஸ்டன்டே வெச்சுக்கல.”

அந்தக் கச்சிதமான பள்ளம் எப்படி வந்தது என்று ஒரு வழியாகத் தெரிந்துகொண்டேன். செல்போன் டார்ச்சை முன்பல்லுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். பள்ளத்திலிருந்து ஈறை நோக்கி மயிரிழையாக மூன்று விரிசல். பக்கத்துப் பல்லில் இன்னொன்று. நேற்று நான் அந்த விரிசல்களின் மேல்தான் மூன்று சுற்று ஜெல்லைப் பூசி விளக்கடித்திருக்கிறேன். அக்காவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“சார், ஊசி போட்டு மரக்க வெச்சுடுங்க. ரெண்டு மணி நேரம் தெரியாம இருந்தா போதும், நான் முடிச்சுட்டுப் போயிடறேன்” என்றாள் கஸ்தூரி.

டாக்டர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பையில் ஊசி இருந்தது. மருந்தும் இருந்தது. குற்ற உணர்ச்சியில் இருக்கும் டாக்டரைப் போல ஆபத்தானவர் வேறு யாருமில்லை, நோயாளி எதைக் கேட்டாலும் கொடுத்துவிடுவார். என் கை பையின் ஜிப்பைத் திறந்தேவிட்டது. அக்கா ஒரு முறை இருமினார். இந்த முறை எனக்குக் காது கேட்டது. மரத்துப்போன பல் என்றால் அவள் பழக்கத்தில் பின்னைக் கடிப்பாள். ஏற்கெனவே விரிசல் விட்ட பல்லில், வலி என்ற காவல்காரனையும் வெளியே அனுப்பிவிட்டு எழுபது பின்னைக் கடித்தால், கடைசிப் பின்னுக்குள் பல்லின் பாதி கையில் வந்திருக்கும்.

“முடியாதும்மா” என்றேன். நேற்றே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. “கோவிச்சுக்க. ஆனா ஊசி போட மாட்டேன். இன்னைக்கு இந்தப் பல்லுல பின்னும் படக்கூடாது, நாரும் படக்கூடாது.”

“அப்போ பின்னை யாரு சார் தொறக்கிறது?” என்று சீறினாள்.

அக்கா என்னையே பார்த்தார்.

“நான் தொறக்கறேன்” என்றேன்.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தோம். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு இல்லை என்றாள். அக்கா பந்தியிலிருந்து ஆறின இட்லி இரண்டைக் கொண்டுவந்து, சட்னி சாம்பார் எதையும் காட்டாமல் சாப்பிட வைத்தார். வயிற்றுக்கோளாறு, ஒவ்வாமை ஒன்றும் இல்லை என்று கேட்டுக்கொண்டு வலி மாத்திரை ஒன்று கொடுத்தேன். பல்லைப் பஞ்சால் துடைத்து, கூச்சத்தை அடக்கும் பொட்டாசியம் ஜெல்லைப் பூசிக் கால் மணி நேரம் உட்கார வைத்தேன். அந்த நேரத்தில் அக்கா உள்ளே போய்ப் பெண்ணின் அம்மாவோடு சேர்ந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்தார். ஜெல்லைத் துடைத்த பிறகு மேலே ஃப்ளோரைடு வார்னிஷ் ஒரு பூச்சு. பாதி அடங்கியது. மீதிப் பாதி மூச்சு இழுக்கும்போது வந்தது.

ஏசியை அணைத்துவிடலாம் என்றேன். “பொண்ணுக்கு வேர்த்தா மேக்கப் வழியும் சார்” என்றாள். அதுவும் சரி. ஏசி ஓடியாக வேண்டும், குளிர்ந்த காற்று அவள் பல்லில் படவும் கூடாது. கடைசியில் என் பையிலிருந்த முகக்கவசத்தை எடுத்து மாட்டிவிட்டேன். தன் மூச்சின் சூட்டிலேயே பல் கொஞ்சம் அமைதியானது. நேற்று ஒரு மணி நேரம் படுக்க வைத்து வெளுத்த பல்லை இன்று ஒருவரும் பார்க்கப் போவதில்லை. இதை அவளும் நினைத்திருப்பாள், சொல்லவில்லை.

பெண் புடவை கட்டி உட்கார்ந்த பிறகு நான் உள்ளே போனேன். போன வாரம் பல்லைப் பார்த்துப் பேசிய அத்தை கதவருகே என்னை நிறுத்தினார்.

“இவர் யாரு?”

“நம்ம சார்தான் மேடம்” என்றாள் கஸ்தூரி. “பின் எடுத்துக் குடுக்க வந்திருக்காரு.”

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தார். தும்பைப்பூ தலை, இன் பண்ணிய சட்டை, கையில் பல் மருத்துவ இடுக்கி. “இந்த வயசுல வேலைக்கு வந்திருக்காரே, பாவம். பெரியவருக்கு ஒரு காபி குடுங்கம்மா” என்று யாரிடமோ சொன்னார். பிறகு கஸ்தூரியைப் பார்த்து, “மாஸ்க்கெல்லாம் போட்டு எவ்ளோ சுத்தமா வேலை செய்யறா பாரு” என்றார். நான் காபியை வாங்கிக்கொண்டேன்.

பின்னைத் திறப்பது சுலபமில்லை. பல் டாக்டருக்கு நகம் இருக்காது, ஒட்ட வெட்டியிருப்போம். இடுக்கியால் பிரித்தேன். முதல் பின் வளைந்துபோயிற்று. இரண்டாவது துள்ளிப் போய்ச் சந்தனக் கிண்ணத்தில் விழுந்தது. கஸ்தூரி கையைப் பின்னால் நீட்டிக்கொண்டே நின்றாள். அந்தக் கையில் உடனே பின் வரவேண்டும், சரியான முனை மேலே இருக்க வேண்டும். இத்தனை வருஷமாக நான் இப்படித்தான் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டியிருக்கிறேன், அக்கா வைத்திருக்கிறார். ஒரு நாளாவது அது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்ததில்லை.

“சார், கொஞ்சம் சீக்கிரம்” என்றாள் கஸ்தூரி.

“இதோம்மா.”

“அது யு பின் சார். நான் கேட்டது சின்னது.”

“சாரிம்மா.”

அக்கா பூ நாரைக் கத்திரிக்கோலால் வெட்டிக்கொண்டே இருமினார். இது வேறு வகை இருமல், சிரிப்பை அடக்குவது.

எட்டரை ஆயிற்று. ஜடை முழுக்கப் பூ வைத்து, மேலே சூரியன் சந்திரன் பூட்டி, உச்சியில் கனமான கொண்டைப் பூவை நிறுத்தும் வேலை. அதைத் தாங்குவது ஒரே ஒரு பின்தான். நான் எடுத்துக் கொடுத்தேன், அவள் செருகினாள். வெளியே மேளம் வேகம் பிடித்தது. “பொண்ணை அழைச்சுட்டு வாங்கோ” என்று குரல் வந்தது. அத்தை கதவைத் திறந்து, “இன்னுமா ஆகலை?” என்றார். பெண்ணின் தோழிகள் நான்கு பேரும் வாசலில் வந்து நின்றார்கள், தை மாதக் கல்யாணக்காரர்கள். இந்த நாலு ஜோடிக் கண்ணுக்காகத்தான் கஸ்தூரி நேற்று என் நாற்காலியில் படுத்தாள்.

அப்போது கல்யாணப் பெண் கையைத் தூக்கினாள். கை என்றுகூடச் சொல்ல முடியாது. மடியில் இருந்த இரண்டு விரல் கொஞ்சம் மேலே எழுந்தது, அவ்வளவுதான். முகத்தில் ஒன்றுமில்லை. நல்ல நேரத்தில் முகம் சுளிக்கக்கூடாது என்று யாராவது சொல்லி வைத்திருப்பார்கள்.

கஸ்தூரி நிறுத்திவிட்டாள்.

“குத்துதா?” என்று கேட்டாள். பெண் லேசாகத் தலையசைத்தாள். கஸ்தூரி அந்தப் பின்னை உருவினாள். அதோடு கொண்டைப் பூ சாய்ந்தது, அதைத் தாங்கியிருந்த வரிசையும் தளர்ந்தது. பத்து நிமிஷ வேலை கலைந்தது. முடியை விலக்கி மண்டைத் தோலைப் பார்த்தாள், சின்னதாக ஒரு கீறல். பின்னை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அதன் முனையில் இருக்க வேண்டிய சின்ன உருண்டையை என் இடுக்கி பிய்த்துவிட்டிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு எனக்குக் கையை நீட்டினாள்.

“மணி என்ன ஆவுது தெரியுமா?” என்றார் அத்தை.

“பொண்ணுக்குக் குத்துது மேடம். அஞ்சு நிமிஷம் ஆவும்” என்றாள் கஸ்தூரி. முகக்கவசத்துக்கு மேலே அவள் கண்ணில் நீர் கட்டியிருந்தது, அது பல் வலி. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. தன் முதல் கல்யாணம், வாசலில் நாலு பேர், வெளியே மேளம், தன் வாயில் தீ. அவ்வளவுக்கும் நடுவில் இரண்டு விரலைப் பார்த்து நிறுத்தினாள். எனக்கு நேற்று எந்த அவசரமும் இருக்கவில்லை.

அவள் அப்போது என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஒரு முறை முறைத்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். நான் அடுத்த பின்னின் இரண்டு முனையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கொடுத்தேன். அதற்கடுத்ததையும் அப்படியே.

எட்டே முக்காலுக்குப் பெண் மணவறைக்குப் போனாள். அழகாக இருந்தாள். தோழிகளில் ஒருத்தி அப்போதே கஸ்தூரியின் நம்பரை வாங்கினாள். மற்ற மூவரில் இருவர் பந்தியில் வாங்கினார்கள். “பொண்ணுக்குக் குத்துதுன்னு வேலையை நிறுத்தினாங்க பாரு, அதான் எனக்குப் பிடிச்சுது” என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது. அத்தை எனக்கு ஒரு தாம்பூலப் பை கொடுத்து, “நல்லா வேலை கத்துக்குங்க பெரியவரே” என்றார். கற்றுக்கொள்கிறேன் என்றேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை கஸ்தூரியை வரச் சொல்லியிருந்தேன். அதற்குள் கூச்சம் நன்றாகக் குறைந்திருந்தது. விரிசல்களை மூடிப் பூசி, நுனிப் பள்ளத்தையும் சரிசெய்ய வேண்டும். அவள் வருவதற்கு முன்பே பேனரைக் கழற்றி, பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியின் மேல் மூடியிருந்தேன். வந்ததும், “நான் பண்ணது தப்பும்மா. நீ கையைத் தூக்கினதை நான் பார்த்தேன். பார்த்துட்டும் நிறுத்தல” என்றேன். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு நோயாளியிடம் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“பரவால்ல சார். பின் வேலைக்கு அக்காவோட சித்தி பொண்ணை வெச்சுக்கறேன்” என்றாள். “நீங்க கூடச் சேர்ந்துக்கலாம், ஆனா ரொம்ப லேட் பண்றீங்க.”

அக்கா வாய்விட்டே சிரித்தார். நானும் சிரித்தேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கையுறையை மாட்டினேன். நாற்காலியைச் சாய்த்தேன். பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது. “வலிச்சா இடது கையை...”

சொல்லி முடிக்கவில்லை. கஸ்தூரியின் இடது கை ஏற்கெனவே மேலே இருந்தது.

“இன்னும் நான் ஒண்ணுமே பண்ணலையேம்மா?”

“தெரியும் சார்” என்றாள். கோபமில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். “இப்பவே தூக்கி வெச்சுக்கறேன். அப்புறம் தூக்கினா நீங்க எறக்கி வெச்சுடுவீங்க.”

நான் அக்காவைப் பார்த்தேன். அவருக்கு இருமல் வரவில்லை. கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, சுழல் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அன்று ஒவ்வொன்றையும் செய்வதற்கு முன் சொன்னேன். சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். அவள் தலையசைத்த பிறகுதான் தொட்டேன். ஒரு பல்லை முடிக்க வழக்கமாக ஆகும் நேரம் இரண்டு பங்கானது. வெளியே மூன்று பேர் காத்திருந்தார்கள், அக்கா போய் ஏதோ சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கை அப்படியே நின்றது. நடுவில் ஒரு தடவை அசந்து கொஞ்சம் தாழ்ந்தது, உடனே சுதாரித்துக்கொண்டு மேலே போனது.

மூன்றாவது விரிசலைப் பூசிக்கொண்டிருந்தபோது அது கீழே வந்தது. கஸ்தூரி தானாகத்தான் இறக்கி வைத்தாள்.